வாசலில் படுத்திருக்கும் நாய்

இரவில் ஒரு நாய் உறங்காமல் தவிப்பதை நம்மில் பலர் சிறிய விடயமாகவே எண்ணுகிறோம். பகல் முழுவதும் வளவின் மாமர நிழலில் சுருண்டு கிடந்த அதே பிராணி, இஷாத் தொழுகை முடிந்து தெரு அடங்கியதும் எழுந்து நிற்கிறது. வேலியோரமாக நடக்கிறது, மூச்சிரைக்கிறது, கதவை விறாண்டுகிறது, காரணமே இல்லாமல் குரைக்கிறது. வீட்டார் அதட்டுகிறார்கள். செருப்பொன்று பறந்து வருகிறது. காலையில் அயலவர் முறையிடுகிறார்கள். சில நாட்களில் அந்த நாய் ஒரு சாக்கில் கட்டப்பட்டு, ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் விடப்படுகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் அம்பாறைக் கரையோரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அங்கே ஒரு நாயின் தூக்கமின்மை ஒரு தெருவின் தூக்கமின்மையாகிவிடுகிறது.

"காரணமே இல்லாமல்" என்ற சொற்களை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. அச்சத்துக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலும் அதற்கு ஒரு வரலாறும் உண்டு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஓர் உயிரை உறங்க வைக்க முடியாது. லண்டனிலும் டொரொண்டோவிலும் வாழும் வாசகர்கள் தங்கள் நாயைப் படுக்கையறையிலேயே உறங்க வைக்கலாம். எமது கரையோரத்தில் நாயின் இடம் வாசலுக்கு வெளியே. ஆகவே இங்கு கேள்வியும் சற்று வேறுபட்டது: வெளியே படுக்கும் ஒரு நாய்க்கு இரவைப் பயமற்றதாக்குவது எப்படி?

முஸ்லிம் ஊர்களில் நாய்க்கு இடமேது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அதன்படி நாயின் ஈரம் பட்டதை ஏழு தடவை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நாய் இருக்கும் வீட்டினுள் மலக்குகள் நுழைவதில்லை என்ற நபிமொழியையும் எமது பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டு வளர்கிறார்கள். மாலிகி மத்ஹபின் அறிஞர்கள் நாயின் உடலைத் தூய்மையானதாகவே கொள்கிறார்கள் என்பது எம்மவரில் பலர் அறியாத செய்தி. எந்த மத்ஹபாயினும், வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வளர்ப்பது அனுமதிக்கப்பட்டது. பயிற்றப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தரும் இரையை உண்ணலாம் என்பதைச் சூறத்துல் மாயிதாவின் நான்காம் வசனம் கூறுகிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாறு ஹதீஸ் நூல்களில் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் விட என் மனதில் நிற்பது சூறத்துல் கஹ்பில் வரும் குகைவாசிகளின் நாய். கொடுமைக்கு அஞ்சிக் குகையில் ஒதுங்கிய இளைஞர்கள் முந்நூற்றொன்பது ஆண்டுகள் உறங்குகிறார்கள். அவர்களுடைய நாய் முன்னங்கால்களை நீட்டியபடி குகையின் வாசலில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் எமது ஊர்களில் ஓதப்படும் சூறா இது. உறங்குவோரின் தொகை எத்தனை என்று பேசப்படும் இடத்திலும் நாய் ஒவ்வொரு முறையும் சேர்த்தே எண்ணப்படுகிறது. அதன் இடம் உள்ளே அல்ல. எனினும் அது அந்தக் கூட்டத்துக்குப் புறம்பானதும் அல்ல. வாசலில் இருப்பது வேறு, விரட்டப்பட்டிருப்பது வேறு. இந்த வேறுபாட்டை எமது முன்னோர் தெளிவாக உணர்ந்திருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். அரபு உலகிலும் இந்த உணர்வு இருந்தது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்து மறைந்த இப்னுல் மர்சுபான் என்ற அறிஞர், ஆடை அணிந்தோரில் பலரை விட நாய்கள் மேலானவை என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே தொகுத்தார்.

இந்தக் கரையோரத்தில் நாயின் பழைய வேலைத்தலம் ஊர் அல்ல, வட்டை. கடலோரத்தில் வீடும் மேற்கே வயலும் என்பதே எமது மக்களின் வாழ்க்கை அமைப்பு. போடியார் ஊரில் இருப்பார். முல்லைக்காரர் விதைப்பிலிருந்து அறுவடை வரை வட்டையில் வாடி அடித்துத் தங்குவார். பன்றியும் யானையும் இறங்கும் இரவுகளில் அவருக்குத் துணை ஒரு தீவறையும் ஒரு நாயும்தான். அதற்கப்பால் மாட்டுப்பட்டிகள். கல்லோயா என்று இன்று வழங்கும் ஆற்றுக்குப் பட்டிப்பளை ஆறு என்பது பழைய பெயர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அந்த நிலப்பரப்பையே மாற்றுவதற்கு முன்னர், பட்டிகளும் பட்டி நாய்களும் அங்கு அன்றாடக் காட்சி. அங்கே நாய் இரவில் விழித்திருப்பது குற்றமல்ல. அதுதான் அதன் தொழில்.

தமிழ் நிலத்தில் இந்த உறவு மிகப் பழையது. தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எருமைகளைக் காக்கப் போராடி வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல் அது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மக்களின் மொழியைத்தான் நாமும் பேசுகிறோம்.

வட்டையில் காவல் காத்த அந்த நாயின் வழித்தோன்றல்தான் இன்று ஊரின் நெருக்கமான தெருவில் கிடக்கிறது. வேலை போய்விட்டது; காது மட்டும் அப்படியே இருக்கிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும். நாயின் காது 45,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதைக் கருவிகள் அளந்து சொல்வதற்கு முன்பே எமது மக்கள் வேறு விதமாகச் சொல்லிவைத்தார்கள். இரவில் நாய் குரைப்பதையும் கழுதை கத்துவதையும் கேட்டால் இறைவனிடம் பாதுகாவல் தேடுமாறும், நாம் காணாதவற்றை அவை காண்கின்றன என்றும் ஒரு நபிமொழி உண்டு. அயலிலுள்ள பாண்டிருப்பிலோ காரைதீவிலோ கேட்டால், நாய் ஊளையிட்டால் யமதூதர் வருகிறார்கள் என்பார்கள். அவர்களுக்கு நாய் வைரவரின் வாகனமும் கூட. நம்பிக்கைகள் வேறு. ஆனால் நமக்குப் புலப்படாத ஒன்று நாய்க்குப் புலப்படுகிறது என்பதில் இரு சமூகத்தாரும் ஒரே கருத்தினர்.

அந்தக் காதை ஊரே நம்பி வாழ்ந்த ஒரு காலமும் வந்தது. 1985 ஏப்ரலில் காரைதீவையும் அயலூர்களையும் தமிழ், முஸ்லிம் வன்செயல் பிளந்தது. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் வீழ்ந்து மீண்டும் யுத்தம் மூண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் கிழக்கில் செய்தி சேகரிக்கச் சென்ற என்னைப் போன்றோர் தங்கிய வீடுகளில் இரவு எட்டு மணிக்கே விளக்கு அணைந்துவிடும். பிறகு எல்லோருமாக இருட்டில் படுத்தபடி நாய்களைக் கேட்போம். மேற்கே வயற்பக்கம் குரைத்தால் ஓர் அர்த்தம். பிரதான வீதிப் பக்கம் குரைத்தால் இன்னோர் அர்த்தம். குரைப்பு ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குத் தாவி நெருங்கி வந்தால் தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்துவார்கள். குரைத்த நாய் திடீரென்று நின்றுவிட்டால் அச்சம் இன்னும் கூடும். முஸ்லிம் வீட்டிலும் இதேதான். தமிழ் வீட்டிலும் இதேதான்.

2004 டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரத் தெருக்கள் துடைத்தெறியப்பட்டன. 2005 மார்ச் 28ஆம் திகதி இரவு, சுமாத்ராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் பூகம்பம் நிகழ்ந்த செய்தி பரவியதும், கரையோரம் முழுவதும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கு நோக்கி ஓடினார்கள். அலை வரவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தை நாய்களும் பார்த்தன. பின்னர் 2011 ஆகஸ்ட்டில் "கிறீஸ் மனிதன்" பீதி. பொத்துவில் தொடக்கம் கிழக்கின் பல ஊர்களில் இளைஞர்கள் பொல்லுகளோடு இரவிரவாகக் காவலிருந்தார்கள். தெருவில் மனிதர் உறங்காத இரவில் நாய் மட்டும் எப்படி உறங்கும்?

அச்சம் எவ்வாறு உடலில் தங்கிவிடுகிறது என்பதற்கு விஞ்ஞான வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. 1924 செப்டெம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை வெள்ளம் மூழ்கடித்தது. உளவியலும் உடலியலும் படித்தோர் அனைவரும் அறிந்த பவ்லோவின் ஆய்வுகூட நாய்கள் கூண்டுகளுக்குள் அகப்பட்டு, நீர் தலையளவு உயர்ந்த நிலையில், நீந்தச் செய்து மீட்கப்பட்டன. வெள்ளம் வடிந்த பின்னரும் அவற்றுள் சில பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பல மாதங்கள் பழகிய பழக்கங்கள் அழிந்திருந்தன. கதவின் கீழால் சிறிது நீரைக் கசியவிட்டபோது, மீண்டிருந்த ஒரு நாய் அன்றைய வெள்ள நாளைப் போலவே கலவரமடைந்தது. சுனாமிக்குப் பின் கடல் இரைச்சல் சற்றுக் கூடினாலே எழுந்து உட்கார்ந்த எத்தனையோ மனிதர்களை நாம் அறிவோம். அவர்களைக் "காரணமின்றி அஞ்சுகிறார்கள்" என்று எவரும் சொன்னதில்லை.

இரவு நாயின் அச்சத்தை அதிகாரத்தில் இருந்தோர் எதிர்கொண்ட விதம் வேறு. அவர்களுக்கு அது சத்தமும் நோயும் மட்டுமே. 1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கிலேய அதிகாரம் கட்டளையிட்டபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி சமூகத்தினர் கிளர்ந்தெழுந்தார்கள்; நகரம் ஸ்தம்பித்தது. இலங்கையில் 1893இல் விசர்நாய்க்கடி நோய்க்கான கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் வந்தன. நோயின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1973இல் மட்டும் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். 1975இல் தேசிய கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பமான பின்னர், தடுப்பூசி பரவலாகப் பரவலாக அந்த எண்ணிக்கை படிப்படியாக வீழ்ந்தது. 2006இல் நாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டது. ஆயினும் பழைய மனோபாவம் முற்றாகப் போய்விடவில்லை. இரவில் அமைதியின்றித் திரியும் நாய் என்றாலே "விசர் பிடித்துவிட்டது" என்று பொல்லைத் தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

அடித்தால் நாய் அடங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அடங்குவது எத்தகையது என்பதை 1967இல் அமெரிக்காவில் செலிக்மன், மையர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனை முடிவுகள் காட்டின. தப்ப வழியற்ற நிலையில் மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களில் பல, பின்னர் தப்ப வழி இருந்தபோதும் முயலவில்லை. படுத்து முனகின; சகித்தன. பார்ப்பவருக்கு அவை அமைதியாகத் தோன்றும். ஊரடங்குச் சட்ட இரவுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. கல்முனையின் தெருக்கள் அந்நாட்களில் மாலையிலேயே நிசப்தமாகின. அதை எவரும் சமாதானம் என்று அழைக்கவில்லை. அடங்கிய நாய் வேறு, ஆறுதலடைந்த நாய் வேறு.

அப்படியாயின் என்ன செய்வது? கால்நடை வைத்தியர்கள் கூறுவதையும், எமது மூத்தோர் பட்டிகளில் கைக்கொண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரிதும் ஒத்துப்போகின்றன. முதலில் உடலைப் பார்க்க வேண்டும். உண்ணி, சொறி, காதுவலி, மூட்டு நோ, முதுமைத் தடுமாற்றம் ஆகிய எதுவும் இரவில் ஒரு நாயை நடக்க வைக்கும். ஆகவே அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரெனக் குணம் மாறி, வாயில் நீர் ஒழுக, கண்டதையெல்லாம் கடிக்க முற்பட்டால் நெருங்கக் கூடாது. உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது, நாளின் ஒழுங்கு. மஃரிபுக்குப் பின் சற்று நடத்திக் கூட்டிச் சென்று, குறித்த நேரத்தில் உணவு கொடுத்து, படுக்கும் முன் சிறுநீர் கழிக்க விட்டால் பாதித் தவிப்பு குறையும். படுக்கும் இடம் நிலையாக இருக்க வேண்டும். மழை படாத கூரை, ஒரு பக்கமேனும் சுவர், நிலத்திலிருந்து சற்று உயர்ந்த பலகை, அதன் மேல் ஒரு சாக்கு போதும். வளவின் கோடியில் அல்லாமல், வீட்டார் உறங்கும் யன்னலுக்கு அண்மையில் அது அமைவது முக்கியம். மனிதக் குரலும் இருமலும் கேட்கும் தூரமே நாய்க்குத் தைரியம். வீட்டாரின் பழைய சாரம் ஒன்றை அதற்கென்றே கொடுத்துவிடலாம். அந்த வாசனை அதற்குத் துணை. பாத்திரத்தையும் சாக்கையும் தனியாக வைத்துக்கொண்டால் மார்க்க ஒழுங்குக்கும் குறைவில்லை. குறுகிய சங்கிலியில் கட்டப்பட்ட நாய் அஞ்சும்போது ஓடவும் முடியாமல், ஒளியவும் முடியாமல் குரைக்க மட்டுமே முடியும் என்பதை மறக்கக் கூடாது.

புதிதாக வந்த நாயாயின், முதல் சில இரவுகள் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு அது உறங்கும் வரை அருகில் இருக்கலாம். பிறகு கதிரை நாளுக்கொரு அடியாகக் கதவை நோக்கி நகரட்டும். குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிப்பது தவறு. மூன்றாம் வாரம் தொடக்கம் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தில் நாய்க்குட்டி எதைப் பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுவதும் இயல்பாக ஏற்கிறது என்பதை ஸ்கொட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார்கள். அஞ்சும் நாயைத் தேற்றினால் அதற்குச் செல்லம் கூடிவிடும் என்பதும் தவறான எண்ணமே. மெல்லிய குரலில் பெயரைச் சொல்லி அழைப்பது அச்சத்தை வளர்ப்பதில்லை. உரத்து அதட்டுவதுதான், நாமும் சேர்ந்து குரைப்பதாக அதற்குத் தோன்றுகிறது. மனிதருக்கான தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்கலாகாது. மருந்து தேவையானால் கால்நடை வைத்தியரே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

சத்தமுள்ள இரவுகளுக்கு முன்னேற்பாடு வேண்டும். பெருநாள் வெடிச் சத்தமாயினும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் கூட்டமாயினும், அன்று நாயைப் பின்பக்க அறையொன்றில் விட்டு, படலையைப் பூட்டி, வானொலியைத் தணிந்த ஒலியில் பேசவிடலாம். ரமழானில் பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பாடியபடி ஸஹருக்கு எழுப்ப வரும்போது ஊர் நாய்களெல்லாம் குரைப்பதை நாம் அறிவோம். றபான் ஒலி கேட்டதும், வீட்டார் உண்ண எழும் அதே வேளையில், வாசலில் கிடப்பதற்கும் ஒரு பிடி சோறு வைத்துப் பாருங்கள். நாளடைவில் அந்த ஒலி அதற்கு அச்சத்தின் அறிவிப்பாக இராது, உணவின் அறிவிப்பாகும். பவ்லோவின் பெயரைக் கேள்விப்படாமலேயே சில வீடுகளில் இது நடந்துகொண்டிருக்கிறது.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை; பொறுமை தேவை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் நிர்வாகங்களும் உள்ளூராட்சி சபைகளும் ஆண்டுக்கொரு நாள் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் கைகோத்தால், வீதியில் பிறந்து வீதியில் அஞ்சிச் சாகும் குட்டிகளின் தொகையும் குறையும். அச்சம் நிறைந்த இரவுகளில் இந்தப் பிராணிகள் எமக்காக விழித்திருந்தன. மத பேதம் பாராமல் விழித்திருந்தன. 2009உடன் யுத்தம் முடிந்தது. எமது பிள்ளைகள் இப்போது இருட்டில் படுத்து நாய்க் குரைப்புக்கு அர்த்தம் தேடுவதில்லை. காவல் முடிந்துவிட்டது என்ற செய்தியை வாசலில் கிடக்கும் அந்த நாய்க்கு எவரும் இன்னும் சொல்லவில்லை. கூரையின் கீழ் ஒரு பலகை, வேளைக்கு உணவு, அதட்டாத ஒரு குரல் ஆகியவற்றின் மூலமே அதை நாம் சொல்ல முடியும்.